இருநூற்றுத் தொண்ணூற்றொன்றாம் நாள்

"நீங்களாதானே வேலையை விட்டிருக்கீங்க. அப்புறம் எப்படிம்மா குடுக்க முடியும்?" என்றார் ஏழாம் கவுன்ட்டர்க்காரர். சொல்லிவிட்டு முழங்கையில் வாயைப் பொத்தி இருமினார்.

லைட்டக்காவுக்கு முதலில் அது தன்னைப் பற்றிய பேச்சாகவே படவில்லை. பின்னால் நிற்பவரிடம் பேசுகிறார் போலிருக்கிறது என்று திரும்பிப் பார்த்தாள். வரிசையில் அடுத்து நின்ற ஒரு வெல்டரும் தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது.

"யாரு, நானா?"

"கம்பெனி அப்படித்தான் சொல்லுது. உங்க ராஜினாமா கடிதத்தையே அனுப்பியிருக்காங்க. தானா வேலையை விட்டவங்களுக்கு வேலையிழப்பு உதவித்தொகை கிடையாதும்மா. விதி அப்படி."

"நான் விட்டேனா? கேட்டைப் பூட்டினது அவங்க சார். பூட்டு அவங்களோடது, சாவியும் அவங்களோடது. நான் வெளியில நின்னவ."

அவருக்கு ஒரு நாளைக்கு அறுபது டோக்கன். அறுபது பேரும் இப்படி ஏதாவது ஒன்றைச் சொல்லத்தான் செய்வார்கள். மேசை ஓரத்தில் இருந்த இருமல் மருந்து பாட்டிலைத் திறந்து, மூடியில் ஊற்றிக் குடித்து, முகத்தைச் சுளித்தார்.

லைட்டக்கா அந்த அலுவலகத்துக்கு வருவது இது நான்காவது முறை. முதல் முறை வந்தபோது, வங்கிப் புத்தகத்தில் இனிஷியல் பெயருக்கு முன்னால் இருக்கிறது, அடையாள அட்டையில் பின்னால் இருக்கிறது, இரண்டும் ஒரே ஆள்தான் என்று எழுதி வாங்கி வா என்றார்கள். வாங்கி வந்தாள். இரண்டாம் முறை, கைப்பேசிக்கு ஒரு ரகசிய எண் அனுப்பியிருக்கிறோம், அதைச் சொல் என்றார்கள். எண் போனது அவள் ஆறு வருடங்களுக்கு முன்னால் தொலைத்த நம்பருக்கு. அந்த நம்பரை இப்போது வைத்திருந்த யாரோ ஒரு புண்ணியவான், கூப்பிட்டுக் கேட்டதற்கு, நீ திருடி என்று சொல்லி வைத்துவிட்டான். மூன்றாம் முறை, அவள் வேலை பார்த்த ஆலையே கம்ப்யூட்டர் பட்டியலில் இல்லை. ஊரே பாட்டில் ஆலை என்று கூப்பிடும் அதற்கு ஏட்டில் வேறு ஒரு பெயர் இருந்தது. பத்தொன்பது வருடம் உள்ளே போய் வந்தவளுக்கு அந்தப் பெயர் அன்றைக்குத்தான் தெரிந்தது. கட்டிக்கொண்டவன் பெயரை மணமாகிப் பத்தொன்பது வருடம் கழித்துத் தெரிந்துகொண்டதுபோல இருந்தது. எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு செய்து முடித்துவிட்டு இன்றைக்கு வந்தால், நீயாகத்தான் விட்டாய் என்கிறார்கள்.

வேலை போனவர்களுக்கு ஆறு மாதம் வரைக்கும் பாதிச் சம்பளம் என்பது திட்டம். அந்த ஆறு மாதத்துக்குள் வேறு வேலை தேடிக்கொள்ள வேண்டும். தேடுகிறோம் என்பதற்கு அத்தாட்சியாக, செவ்வாய்தோறும் பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணிக்குள் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். எந்தக் கம்பெனியும் ஆளைக் கூப்பிட்டு விசாரிப்பது அந்தப் பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணிக்குள்தான் என்பது, விதி எழுதியவருக்குத் தோன்றவில்லை போலும். அதுகூடப் பரவாயில்லை. லைட்டக்காவுக்கு வேண்டியது அந்த ஆறு மாதம். ஆறு மாதம் கிடைத்தால் மாடி அறை அவளுக்கு நிற்கும். கிடைக்காவிட்டால் தம்பி வீடு.

தம்பி கெட்டவன் அல்ல, அதுதான் சிக்கல். கெட்டவனாக இருந்தால் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்லிவிடலாம். "எதுக்குக்கா ஒத்தையில கிடந்து அல்லாடுற? நம்ம வீட்டுல வந்து இரு, பசங்களைப் பாத்துக்கிட்டா போதும்" என்று தினமும் போனில் கேட்டுக்கொண்டிருந்தான். அந்தப் 'போதும்' என்ற சொல்லுக்குள் விடியற்காலை ஐந்து மணியிலிருந்து என்னென்ன வேலை இருக்கிறது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தம்பி மனைவிக்கும் தெரியும். தம்பிக்கு மட்டும்தான் தெரியாது. ஒன்பது வருடமாக அந்த மாடி அறையில் அவள் தன் இஷ்டத்துக்கு எழுந்தாள், தன் இஷ்டத்துக்குச் சமைத்தாள், ஞாயிற்றுக்கிழமை மதியம் யாருக்கும் பதில் சொல்லாமல் மூன்று மணி நேரம் தூங்கினாள். புருஷன் போன பிறகு உலகம் அவளுக்குக் கொடுத்த ஒரே சலுகை அந்தத் தூக்கம்தான். அதை விட்டுக்கொடுக்க அவள் தயாராக இல்லை. வீட்டுக்காரம்மாவோ இந்த மாதக் கடைசிவரைதான் பொறுப்பேன் என்று சொல்லிவிட்டாள். தம்பி திங்கட்கிழமை வண்டியோடு வருவதாக இருந்தான்.

"அந்தக் கடிதத்தை நான் பாக்கணும் சார்" என்றாள்.

"பாத்து என்னம்மா பண்ணப்போறீங்க? உங்க கையெழுத்துதான்."

"என் கையெழுத்தைத்தானே கேக்குறேன். ஊரார் கையெழுத்தையா கேக்குறேன்?"

வெல்டர் பின்னால் சிரித்தார். கவுன்ட்டர்க்காரர் பெருமூச்சு விட்டுக் கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

லைட்டக்காவுக்கு அந்தப் பெயர் வந்ததே பார்ப்பதால்தான். ஆலையில் பாட்டில்கள் வரிசையாக நகர்ந்து வரும் பெல்ட்டுக்குப் பின்னால் வெள்ளை வெளிச்சம் அடிக்கும் பலகை ஒன்று இருக்கும். அதற்கு முன்னால் உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, நகர்கிற பாட்டில்களில் முடி கனத்துக்கு ஒரு விரிசல், கடுகளவுக்கு ஒரு கொப்புளம் தெரிந்தால் சட்டென்று உருவி எடுத்துத் தொட்டியில் போட வேண்டும். அந்த வேலைக்குச் செக்கர் என்று பெயர். பன்னிரண்டு செக்கர்கள், எல்லாரும் பெண்கள். அவர்களில் மூத்தவள் இவள்.

கடிதம் நன்றாகத்தான் இருந்தது. சொந்தக் காரணங்களை முன்னிட்டு வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன், இத்தனை காலம் வாய்ப்பளித்த நிர்வாகத்துக்கு நன்றி என்று அவள் எழுதியிருந்தாள். அதாவது, யாரோ எழுதியிருந்தார்கள். அவளாக எழுதியிருந்தால் அந்த நன்றி வந்திருக்காது. மேலே தேதி செப்டம்பர் இருபது. கீழே அவள் கையெழுத்து. பார்த்ததும் அது எங்கே போட்டது என்று நினைவுக்கு வந்துவிட்டது. கேட் பூட்டிய மறுநாள், சாலையோரம் ஒரு மேசையைப் போட்டு, கணக்குப் பிரிவிலிருந்து புதிதாக வந்த ஒருவன் உட்கார்ந்திருந்தான். கடைசிச் சம்பளம் வாங்கியதற்குக் கையெழுத்து என்றான். இரண்டு தாள்கள். மேல் தாளை மடித்துக் கிளிப் போட்டு, கீழ்த் தாளில் அடிப்பகுதி மட்டும் தெரியும்படி வைத்திருந்தான். வெயில், தள்ளுமுள்ளு, ஆளுக்கு ஆள் அழுகை. அவள் போட்டுவிட்டாள்.

பத்தொன்பது வருடம் விரிசல் பார்த்தவள், கண்ணுக்கு நேரே நீட்டிய தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் போட்டுவிட்டாள். வெட்கம் காதுவரைக்கும் சுட்டது. தலையைக் குனிந்துகொண்டு போய்விடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். அப்போதுதான் கையெழுத்துக்குப் பக்கத்தில் இருந்த கிறுக்கல் கண்ணில் பட்டது.

"சார், இதைக் கொஞ்சம் பெரிசு பண்ணுங்க."

பெரிதாக்கினார். கையெழுத்தின் வால் முடியும் இடத்தில், பொடிப்பொடியாக, 291/2.

லைட்டக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் சேர்த்து விழுங்கினாள்.

"இது என்னன்னு தெரியுமா சார்?"

"ஏதோ கிறுக்கியிருக்கீங்க."

"கிறுக்கல. இது நாளு. செக்கர் எதுல கையெழுத்துப் போட்டாலும் பக்கத்துல நாள் நம்பரும் ஷிப்ட்டும் போடணும். ஜனவரி ஒண்ணாம் தேதி ஒண்ணு. அங்கேருந்து எண்ணிக்கிட்டே வரணும். இருநூத்தித் தொண்ணூத்தொண்ணுன்னா அக்டோபர் பதினெட்டு. ரெண்டுன்னா மத்தியான ஷிப்ட்டு."

"இருக்கட்டும்மா. நீங்க சொல்றீங்க. நான் எப்படி நம்புறது?"

அவள் சுற்றிலும் பார்த்தாள். பார்வை மேசை ஓரத்தில் போய் நின்றது.

"அந்த மருந்து பாட்டிலைக் குடுங்க."

"எதுக்கு?"

"குடிக்க மாட்டேன், பயப்படாதீங்க."

அவர் தயங்கித் தயங்கி, மூடியை இறுக்கி, ஜன்னல் வழியாக நீட்டினார். லைட்டக்கா அதைத் தலைகீழாகக் கவிழ்த்து, கூரை விளக்குக்கு நேரே பிடித்து, கண்ணைச் சுருக்கினாள். பழுப்புக் கண்ணாடியின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி.

"எங்க பாட்டில்தான். நூத்திப் பன்னெண்டு, சாய்வுக்கோடு, ஒண்ணு. ஏப்ரல் இருபத்திரெண்டாம் தேதி, காலை ஷிப்ட்டுல பொறந்தது. பொறந்து ரெண்டு மூணு வாரம் கழிச்சுதான் மருந்துக் கம்பெனிக்குப் போகும். லேபில்ல மருந்து எந்த மாசம் தயாரிச்சதுன்னு போட்டிருக்கும், பாருங்க. மே மாசமா இருக்கும்."

கவுன்ட்டர்க்காரர் பாட்டிலை வாங்கி லேபிளைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். மே. பிறகு மேசைக் காலண்டரை எடுத்துப் பென்சிலால் ஒவ்வொரு மாதமாகக் கூட்ட ஆரம்பித்தார். வெல்டர் ஜன்னலுக்குள் தலையை நீட்டி அவரோடு சேர்ந்து கூட்டிக்கொண்டிருந்தார்.

"அக்டோபர் பதினெட்டு" என்றார் கவுன்ட்டர்க்காரர்.

"பதினேழாம் தேதி கேட்டைப் பூட்டி நோட்டீஸ் ஒட்டினாங்க. உங்ககிட்டயே அதோட நகல் இருக்கும். பூட்டின கம்பெனியிலேருந்து மறுநாள் நான் எப்படி சார் ராஜினாமா பண்ணுவேன்? அதுலயும் ஷிப்ட்டே இல்லாத அன்னிக்கு ஷிப்ட்டு நம்பர் வேற போட்டிருக்கேன், பைத்தியக்காரி. கை பழகிப்போச்சு. தேதியை மாத்தினவனுக்கு இது என்னன்னு தெரியல. தெரிஞ்சிருந்தா அழிச்சிருப்பான்."

கவுன்ட்டர்க்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஜன்னலுக்கு அருகே வந்தார். அவரும் கெட்டவர் அல்ல. லைட்டக்காவின் வாழ்க்கையில் அந்த வருடம் முழுக்கக் கெட்டவர்கள் யாரும் அகப்படவே இல்லை. நல்லவர்களோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

"நான் சொல்றதைக் கேளுங்கம்மா. தேதியில குழப்பம் இருக்கு, மறுபரிசீலனை செய்யவும்னு ரெண்டே வரி எழுதிக் குடுங்க. உங்களோடதை மட்டும் நானே மேல பேசி முடிச்சுத் தரேன். பத்து நாள்ல பணம் வந்துடும். கம்பெனி பொய்க் கடிதம் குடுத்துச்சுன்னு எழுதினீங்கன்னா அது புகார். விசாரணைக்குப் போகும். எப்ப முடியும்னு எனக்கே தெரியாது. முடியறவரைக்கும் உங்களோடதும் நிக்கும்."

"மத்தவங்களோடது?"

"அவங்க அவங்க வந்து பாத்துக்கட்டும்."

யோசித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி வெளியே வந்தாள். மாடிப்படிக்குக் கீழே டேப்பு உட்கார்ந்திருந்தாள். பேக்கிங் பிரிவில் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டியவள். வாய் ஓயாது என்பதால், அந்தப் பெயர் ஒட்டியதாலா பேசியதாலா என்று ஆலையில் கடைசிவரை முடிவாகவில்லை. அவளுக்கும் போன வாரம் அதே பதில்தான் வந்திருந்தது: நீயாகத்தான் விட்டாய்.

லைட்டக்கா நடந்ததைச் சொன்னாள். டேப்பு தன் கடிதத்தின் நகலைப் பையிலிருந்து எடுத்து விரித்தாள். அதே செப்டம்பர் இருபது, அதே நன்றி. கீழே கொழகொழவென்று ஒரு கையெழுத்து. பக்கத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளை.

"எனக்கு ஏது நம்பரு? ஒட்டினது டேப்பு. ஒட்டிட்டு அடுத்த பொட்டி" என்றாள் டேப்பு. கடிதத்தை மடியில் வைத்தாள். "நீ எழுதிக் குடுத்து வாங்கிக்கோ லைட்டு. உன் ரூம் போயிடும். எனக்கு அவரு ஏதோ கொண்டாந்து போடுறாரு, நான் எப்படியோ சமாளிச்சுக்குவேன்."

அவள் வீட்டுக்காரர் முதுகுவலியோடு வாட்ச்மேன் வேலை பார்க்கிறவர். என்ன கொண்டுவந்து போடுவார் என்று லைட்டக்காவுக்குத் தெரியாதா? டேப்பு அவளைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. எங்களை விட்டுவிட்டு நீ மட்டும் வாங்கிக்கொள்வாயா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், இவளும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசிவிட்டு, அந்த வேகத்திலேயே போய் இரண்டு வரியை எழுதிக் கொடுத்திருப்பாள். டேப்பு அப்படிச் செய்யவில்லை. வாய் ஓயாதவள் அதோடு வாயை மூடிக்கொண்டு, கடிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

லைட்டக்கா படியில் உட்கார்ந்து யோசித்தாள். மாடி அறையை யோசித்தாள். பத்து நாளில் பணம். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அவளுடைய கை, அவளுடைய நம்பர், அவளுடைய பாதிச் சம்பளம். ஆலையில் மொத்தம் இருநூறு பேர். நம்பர் போட்டிருக்கக்கூடியவர்கள் செக்கர்கள் பன்னிரண்டு பேர் மட்டும்தான். பன்னிரண்டு பேரும் ஆளுக்கு இரண்டு வரி எழுதிக் கொடுத்து வாங்கிக்கொண்டால், மிச்சமுள்ள நூற்றெண்பத்தெட்டுக் கடிதங்களும் உண்மையாகிவிடும். அவ்வளவு பேரும் ஒரே நாளில், ஒரே சொந்தக் காரணத்துக்காக, ஒரே மாதிரி நன்றி சொல்லி வேலையை விட்டவர்களாகிவிடுவார்கள். அதை நினைத்ததும் அவளுக்குக் கோபம் கிளம்பியது. கம்பெனி மேல் வந்த கோபம்தான். ஆனால் பத்து நாள் என்றதும் ஒரு நிமிடம் இனித்துப்போன தன் மனசு மேலும் அதில் பாதி இருந்தது.

எழுந்தாள். "வா" என்றாள்.

"எங்க?"

"வாயேன்."

ஏழாம் கவுன்ட்டரில் வெல்டரின் முறை நடந்துகொண்டிருந்தது. அவர் ஒதுங்கி இடம் கொடுத்தார். லைட்டக்கா ஒரு வெள்ளைத் தாள் வாங்கி, நின்றபடியே எழுதினாள். எங்கள் ஆலை நிர்வாகம் கேட்டைப் பூட்டிய பிறகு எங்களை ஏமாற்றிக் கையெழுத்து வாங்கி, அதற்கு முந்தைய தேதி போட்டு, நாங்களாகவே வேலையை விட்டதாக உங்களிடம் பொய்க் கடிதம் கொடுத்திருக்கிறது. என்னை மட்டுமல்ல, இருநூறு பேரையும். நாள் நம்பரை விளக்கினாள். மருந்து பாட்டிலையும் விடவில்லை. எழுத எழுதக் கை வேகம் பிடித்தது. ஒரு பக்கம் போதாமல் திருப்பி எழுதினாள்.

கவுன்ட்டர்க்காரர் வாசித்தார். "இது புகார்மா" என்றார் மெல்ல.

"ஆமா சார்."

"உங்களோடது நின்னுடும்."

"நிக்கட்டும். நானும் நிக்கிறேன்."

அவர் இன்னொரு தடவை அவள் முகத்தைப் பார்த்தார். இழுப்பறையைத் திறந்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை எடுத்து, மையில் தோய்த்து, ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். அவ்வளவு பலமாகக் குத்த வேண்டிய அவசியம் இல்லைதான். "தனியா உங்க ஒருத்தரோட கடிதம்னா, ஏதோ கை தவறிப் போட்ட நம்பர்னு அவங்க சொல்லிடுவாங்க" என்றார், நகலை நீட்டியபடி. வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். "பன்னெண்டும் ஒரே நாள்ல வந்தா அப்படிச் சொல்ல முடியாது."

திங்கட்கிழமை காலை ஏழரைக்குத் தம்பி மினி லாரியோடு வந்து நின்றான். வேலை செய்யும் கடையில் கெஞ்சிக் கூத்தாடி அரை நாளைக்கு வாங்கிவந்த வண்டி. பீரோவைக் கட்டக் கயிறு, கட்டிலுக்குச் சாக்கு எல்லாம் தயாராகக் கொண்டுவந்திருந்தான். மாடிக்கு ஏறி வந்தவன், அறையில் ஒரு துணிகூட மடிக்கப்படாமல் கிடப்பதைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"என்னக்கா, இன்னும் ஒண்ணுமே கட்டலயா? பத்து மணிக்கு நான் வண்டியை விடணும்."

"சாமான் ஏத்த வேணாம்டா. ஆள் ஏத்தணும்."

"ஆளா?"

அவள் ஜன்னல் வழியாகக் கீழே காட்டினாள். எதிர்க் கடை வாசலில் பெண்கள் நின்றிருந்தார்கள். ஆறு பேர், ஏழு பேர். தெருமுனையிலிருந்து இன்னும் இரண்டு பேர் வந்துகொண்டிருந்தார்கள். எல்லார் கையிலும் புகார்க் கடிதம் வைத்த ஒரு உறை. நடுவில் டேப்பு நின்று யாருக்கோ எதையோ விளக்கிக்கொண்டிருந்தாள். அவள் குரல் மாடிவரை கேட்டது.

"அக்கா, உனக்கு அந்தப் பணம் வரலைன்னா?"

"வரலைன்னா அடுத்த திங்கட்கிழமை பீரோவை ஏத்து."

"மாசக் கடைசிக்கு ஆறு நாள்தான் இருக்கு."

"எனக்கு எண்ணத் தெரியும்."

மனைவிக்கு என்ன பதில் சொல்வது என்ற கவலை தம்பி முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கு அவள் ஒன்றும் செய்வதற்கில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கதவைப் பூட்டினாள். பூட்டை இழுத்துப் பார்த்தாள். இறங்கும்போது கீழ்வீட்டு வாசலில் வீட்டுக்காரம்மா நின்று, வண்டியையும் கூட்டத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். "காலி பண்றியா?" என்று கேட்டாள். "இல்லம்மா, சாயங்காலம் வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டு லைட்டக்கா தெருவில் இறங்கினாள்.

அதற்குள் மற்றவர்களும் வந்து சேர்ந்திருந்தார்கள். பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்து லாரியின் பின்புறத்தில் ஏறினார்கள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சக்கரத்தில் கால் வைத்து, சிரித்துக்கொண்டு. கனத்த உடம்புக்காரி ஒருத்தியை மூன்று பேர் சேர்ந்து இழுத்தார்கள். முன்னால் உட்கார வா என்று தம்பி கூப்பிட்டான். லைட்டக்கா கேட்காத மாதிரி பின்னால் ஏறிக்கொண்டாள். பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல், வண்டி கிளம்பியதும் எல்லாரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். பத்தடி போவதற்குள் தம்பி வண்டியை நிறுத்தினான். இறங்கி வந்தான். யார் முகத்தையும் பார்க்காமல், பீரோவைக் கட்டக் கொண்டுவந்த கயிற்றை எடுத்து இந்தப் பக்கக் கம்பிக்கும் அந்தப் பக்கக் கம்பிக்கும் இடுப்பு உயரத்தில் இழுத்துக் கட்டி, இரண்டு முடிச்சுப் போட்டு, தொங்கிப் பார்த்தான். பிறகு போய் உட்கார்ந்து வண்டியை எடுத்தான். பன்னிரண்டு செக்கர்களும் டேப்புவும் அந்தக் கயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கடைகள் திறக்கத் தொடங்கியிருந்த தெரு வழியாக நின்றபடியே போனார்கள்.